டிஸ்ப்ளே வரல, அக்கா!

காலை 9.10. சென்னை அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் நான்கு மாடி அலுவலகம். மூன்றாவது மாடியில், லிஃப்டுக்கும் பேன்ட்ரிக்கும் நடுவே, 'சிஸ்டம் ரூம்' என்று பேப்பர் ஒட்டிய ஒரு கதவு. அந்தக் கதவுக்கு உள்பக்கம் நிற்கிறேன்!

எத்தனை வருட ஆசை தெரியுமா? நாள் முழுக்க மானிட்டரைப் பார்த்தே பிழைக்கிறவர்கள் நாம். ஒரு நாள் அது கறுத்துப்போகும். போன் செய்வோம். ஒருவர் வருவார், மேஜைக்கு அடியில் குனிவார், என்னமோ செய்வார், "இப்பப் பாருங்க" என்பார். வந்துவிடும்! அந்த மேஜைக்கு அடியில் என்னதான் நடக்கிறது? அதைப் பார்க்கத்தான் இன்று முழுக்க இங்கே இருக்க அனுமதி வாங்கியிருக்கிறேன்.

போன் அடிக்கிறது. மறுமுனைக் குரல் எனக்கே கேட்கிறது: "அக்கா, டிஸ்ப்ளே வரல."

போனை எடுத்த பெண்மணி அந்த மாடியில் எல்லோருக்கும் 'சிஸ்டம் அக்கா'தான். ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கும் கணக்குப் பிரிவு சார் மட்டும் "ஏம்மா" என்று கூப்பிடுகிறார். நூற்றுச் சொச்சம் கம்ப்யூட்டர்களும் இவர் பொறுப்பு. கிளம்பும்போது தோளில் மாட்டும் பையை எட்டிப் பார்த்தேன். ஸ்க்ரூ டிரைவர் இரண்டு, ஒரு அங்குல பெயின்ட் பிரஷ், நாணயம் மாதிரி ஒரு பேட்டரி, சரியாக வேலை செய்யும் என்று உறுதியாகத் தெரிந்த கேபிள்கள், கையடக்க டார்ச், அப்புறம்... பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பர்! அது எதற்கு என்று கேட்டேன். "வாங்க, தெரியும்" என்றார்.

மேஜைக்குப் போனதும் நான் ஆவலில் மானிட்டர் பட்டனை அழுத்தப் போனேன். கையைத் தடுத்துவிட்டார்.

"தொடாதீங்க. முதல்ல பாருங்க. எப்படித் தப்பா இருக்குன்னு பார்த்தாலே பாதி வேலை முடிஞ்சிடும்."

இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு நிமிடம் திரையை உற்றுப் பார்க்கிறார். நானும் அப்படியே நின்றேன். அன்று முழுக்க நான் கற்றுக்கொண்டது அந்த ஒரு நிமிடத்தின் விலையைத்தான். டிஸ்ப்ளே கெட்டுப்போகும்போது கண்டபடி கெடுவதில்லை. எங்கே அடிபட்டதோ அந்த இடத்துக்கே உரிய ஒரு கோலத்தில் கெடுகிறது. கோலத்தைப் படிக்கத் தெரிந்தவருக்குத் திரை எல்லாவற்றையும் சொல்லிவிடும்!

முதல் மேஜையில் திரை கறுப்பு. கீழே ஓரத்தில் சின்ன விளக்கு மட்டும் ஆரஞ்சு நிறத்தில். அக்காவுக்கு அது போதும். விளக்கே எரியவில்லை என்றால் மின்சாரம் வரவில்லை; ஸ்பைக் பஸ்டர் சுவிட்சைப் பார்க்க வேண்டும். ஆரஞ்சில் எரிந்தால் மானிட்டர் நல்ல உயிரோடு இருக்கிறது, அதற்குப் படம்தான் வந்து சேரவில்லை. ஆக, குற்றம் கேபிளில் அல்லது சிபியு பெட்டியில். குனிந்தோம். பெட்டியின் பின்பக்கம் எச்டிஎம்ஐ சொருகும் வாய் இரண்டு இடத்தில் இருக்கிறது: மேலே மதர்போர்டில் ஒன்று, கீழே தனி கிராஃபிக்ஸ் கார்டில் ஒன்று. முந்தின நாள் சாயங்காலம் மேஜையை நகர்த்தியபோது யாரோ கழற்றி, மேலே இருந்ததில் மாட்டிவிட்டார்கள். இந்தப் பெட்டியில் படம் வருவதோ கீழே. மாற்றிச் சொருகினார். வந்தது. நாற்பது விநாடிகூட ஆகியிருக்காது!

இரண்டாவது மேஜையில்தான் ரப்பருக்கு வேலை. ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே இல்லை, பெட்டிக்குள்ளிருந்து ஒரு பீப் சத்தம் விட்டுவிட்டு வருகிறது. அக்கா காதைச் சாய்த்துக் கேட்டார். படம் காட்ட முடியாதபோது கம்ப்யூட்டர் ஒலியால் பேசுமாம். கம்பெனிக்குக் கம்பெனி இந்தப் பாஷை மாறும். ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் பல பழைய மதர்போர்டுகளில் டிஸ்ப்ளே கார்டு கோளாறு. நிறுத்தாமல் திரும்பத் திரும்ப வந்தால் பெரும்பாலும் ராம் சரியாக உட்காரவில்லை.

பவரைப் பிடுங்கினார். பெட்டியின் இரும்பை ஒரு தடவை தொட்டார். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்குவதற்கு. பக்கவாட்டு மூடியைத் திறந்து, இரண்டு பக்கக் கொக்கியையும் அழுத்த, ராம் பட்டை டக்கென்று மேலே வந்தது. சுமார் 13 சென்டிமீட்டர் நீளம். அடிவிளிம்பு முழுக்கத் தங்க முலாம் பூசிய குட்டிக் குட்டிப் பற்கள். வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். பளபளப்பு மங்கி, மேலே மெல்லிய அழுக்குப் படலம். கடலோர ஊரின் ஈரக்காற்றும் தூசும் சேர்ந்து செய்த வேலை. வெள்ளை ரப்பரை எடுத்து, நோட்டில் பென்சில் எழுத்தை அழிப்பது போலவே, ஒரே திசையில், மெதுவாக நான்கு தேய்ப்பு. திருப்பி இன்னொரு பக்கம். பிரஷால் ரப்பர் தூளைத் தட்டிவிட்டார். மறுபடி சொருகும்போது இரண்டு பக்கமும் 'டக், டக்'. "இந்த ரெண்டு டக்கும் கேக்கணும். ஒண்ணுதான் கேட்டா உக்காரலன்னு அர்த்தம்."

பவர். ஒரே ஒரு குட்டி பீப். திரையில் வெளிச்சம்! ஐந்து ரூபாய் ரப்பர்! நான் கைதட்டியே விட்டேன். மேஜைக்கு உரிய பெண்ணும் சேர்ந்து தட்டினார்.

பத்தரை மணிக்கு ஸ்டோர் பிரிவிலிருந்து அழைப்பு: "எல்லாம் மஞ்சளா தெரியுது அக்கா." நடந்து போகும்போதே அக்கா சொல்லிவிட்டார், நீலம் போயிருக்கும் என்று. எப்படி? அங்கே இருப்பது பழைய விஜிஏ இணைப்பு. ஐபிஎம் கம்பெனி 1987-இல் கொண்டுவந்தது. நீல நிறத் தலை, இரண்டு பக்கமும் திருகு, உள்ளே 15 ஊசிகளுக்கான இடம். முதல் ஊசியில் சிவப்பு, இரண்டாவதில் பச்சை, மூன்றாவதில் நீலம் தனித்தனியாகப் பயணம் செய்து திரையில் கலக்கின்றன. மூன்றும் சேர்ந்தால் வெள்ளை. நீலம் வராவிட்டால் சிவப்பும் பச்சையும் மட்டும் கலந்து, வெள்ளைத் தாள் எல்லாம் மஞ்சள். பச்சை போனால் எல்லாம் கத்தரிப்பூ நிறம். சிவப்பு போனால் நீலப்பச்சை. நிறத்தைப் பார்த்தே எந்த ஊசி என்று சொல்லிவிடலாம்! கேபிளைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தோம். மூன்றாவது ஊசி தலை குனிந்து கிடந்தது. ஸ்க்ரூ டிரைவர் முனையால் மெல்ல நிமிர்த்தினார். ஓர் ஊசிக்கான இடம் காலியாக இருப்பதைப் பார்த்து நான் பதறினேன். ஒன்பதாவது ஊசி இல்லாமலே வரும் கேபிள்கள் நிறைய உண்டாம். அது பிறவியிலேயே அப்படி.

அதே பிரிவில், பக்கத்து மேஜையில், எனக்கு மிகவும் பிடித்துப்போன ஒரு விஷயம் கிடைத்தது. எழுத்தெல்லாம் குண்டு குண்டாக, படமெல்லாம் பக்கவாட்டில் இழுத்த மாதிரி. மானிட்டர் புதிது, கம்ப்யூட்டரும் நல்லது. பின் ஏன்?

மானிட்டரும் கம்ப்யூட்டரும் முதல் தடவை சந்திக்கும்போது மானிட்டர் தன் ஜாதகத்தைக் கொடுக்கும். நிஜமாகத்தான்! ஈடிஐடி என்று பெயர். 'வெசா' என்ற அமைப்பு 1994-இல் வகுத்தது. அடிப்படை ஜாதகம் மொத்தமே 128 பைட். எந்தக் கம்பெனி, எந்த மாடல், எத்தனை சென்டிமீட்டர் அகலம், எத்தனை உயரம், எந்த அளவில் படம் காட்டினால் தெளிவாக இருக்கும், எல்லாம் அதில் அடக்கம். பிறந்த தேதிகூட உண்டு: எந்த வருடம், அந்த வருடத்தில் எத்தனையாவது வாரம். வருடத்தை 1990-லிருந்து எண்ணிக் குறிக்கிறார்கள். 18 என்று இருந்தால் 2008. விஜிஏ கேபிளில் இந்த ஜாதகம் வருவது 12-வது, 15-வது ஊசிகள் வழியாக. அந்த இரண்டில் ஒன்று அறுந்தாலும் நிறங்கள் அத்தனையும் ஒழுங்காக வரும், ஜாதகம் மட்டும் வராது. எதிரில் இருப்பது யார் என்றே தெரியாத கம்ப்யூட்டர், எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா மானிட்டருக்கும் பொருந்துகிற ஒரு பழைய அளவில் படத்தை அனுப்பிவிடும். அதுதான் இந்தக் குண்டு எழுத்து!

அக்கா பையிலிருந்து வேறு கேபிளை மாட்டினார். திரை ஒரு தடவை கண் சிமிட்டியது. அடுத்த நொடி எழுத்துகள் ஊசி முனை மாதிரி. 1920-க்கு 1080. இருபது லட்சத்து எழுபத்து மூன்றாயிரத்து அறுநூறு புள்ளிகள், ஒவ்வொன்றும் தன் இடத்தில்!

கேபிள் எல்லாம் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில்தான் வாங்குகிறார்கள். அதற்கும் கண் வேண்டும் என்கிறார். டிஸ்ப்ளே போர்ட் கேபிளில் 20-வது ஊசி மின்சாரத்துக்கானது. சாதாரண கேபிளில் இரு முனைக்கும் நடுவே அந்தக் கம்பியைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. விதியை மீறிச் சேர்த்துத் தயாரித்த கேபிளைப் போட்டால் மானிட்டர் பக்கத்து மின்சாரம் கம்ப்யூட்டருக்குள் ஏறி, ஆன் ஆவதற்கே சண்டித்தனம் செய்யும். கம்ப்யூட்டரையே மாற்றிப் பார்த்தவர்கள் உண்டாம். குற்றவாளியோ கேபிள்!

இனி நாற்காலி விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் காலையிலிருந்து துடிக்கிறேன்.

கணக்குப் பிரிவு சார் இரண்டு வாரமாக ஒரு புகார் சொல்லிக்கொண்டிருந்தார். "ஏம்மா, நான் எந்திரிச்சா மானிட்டர் அணையுது." பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். காபி குடிக்க எழுந்தால் அணைகிறது, ஒரு விநாடியில் தானாக வருகிறது. அவர் உட்கார்ந்தே இருந்தால் நாள் முழுக்க ஒன்றும் இல்லை. கேபிள் காலில் இடறுகிறதோ என்று பார்த்தார்கள், இல்லை. மேஜை ஆடுகிறதோ? இல்லை.

அக்கா சிரிக்கவில்லை. வழக்கம் போல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சார், எந்திரிங்க." திரை கறுத்தது! "உக்காருங்க. மறுபடி எந்திரிங்க." மறுபடி கறுத்தது! என் கையில் மயிர்க்கூச்செடுத்தது. பிறகு நாற்காலியை மாற்றினார். சாதாரண பிளாஸ்டிக் நாற்காலியில் சார் ஐந்து தடவை உட்கார்ந்து எழுந்தார். திரை அசையவே இல்லை.

காரணம் நாற்காலிக்கு அடியில் இருக்கும் காஸ் சிலிண்டர். உயரம் கூட்டிக் குறைக்கிறோமே, அது. பாரம் ஏறி இறங்கும்போது அந்த மாதிரி நாற்காலிகள் கண்ணுக்குத் தெரியாத ஒரு மின்காந்த அதிர்வைக் கிளப்பிவிடலாம். பக்கத்தில் தொங்கும் கேபிள் ஆன்டெனா மாதிரி அதைப் பிடித்துக்கொள்கிறது. படத்தின் தாளம் ஒரு கணம் தவறுகிறது. மானிட்டர் மறுபடி தாளம் பிடிக்கும்வரை கறுப்பு. இது எங்கள் மூன்றாவது மாடிக் கதை மட்டுமல்ல. மானிட்டர் இணைப்புக் கருவிகளுக்குச் சிப் செய்யும் டிஸ்ப்ளேலிங்க் கம்பெனியே தன் உதவிக் குறிப்பில், காஸ் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் இப்படி நடப்பதைப் பார்த்திருக்கிறோம் என்று எழுதி வைத்திருக்கிறது!

வைத்தியம் எளிது. நல்ல உறை போட்ட, முனையில் கறுப்பு உருண்டை உள்ள கேபிள். அந்த உருண்டையைப் பார்த்திருப்பீர்கள், எதற்கென்று யோசித்திருக்க மாட்டீர்கள். உள்ளே ஃபெரைட் என்ற பொருள், இப்படிப்பட்ட வேண்டாத அதிர்வுகளை விழுங்கவே அது இருக்கிறது. புதுக் கேபிளை நாற்காலிக்குத் தள்ளி, மேஜையின் பின்பக்கமாக ஓட்டினார். சார் எழுந்தார். உட்கார்ந்தார். எழுந்தார். திரை அப்படியே இருந்தது. சுற்றி நின்றவர்களை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்! இரண்டு வாரமாக அவர் சொன்னது அத்தனையும் உண்மை.

மத்தியானச் சாப்பாட்டின்போது ஒரு பெண் ஓடி வந்தார். மானிட்டரில் ஒரு புள்ளி செத்துவிட்டது என்கிறார். போய்ப் பார்த்தோம். கறுப்பாக ஒரு துளி. அக்கா உற்றுப் பார்த்தார். துளி... நகர்ந்தது! கண்ணாடிக்கு உள்ளே ஒரு குட்டிப் பூச்சி! பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தைத் தேடி, காற்றுத் துளை வழியாக நுழைந்து, ஒளியைப் பரப்பும் தாள்களுக்கும் படத்தட்டுக்கும் நடுவே உலாப் போய்க்கொண்டிருக்கிறது. "விரலால அமுக்கிடாதீங்க" என்று அக்கா அவசரமாகத் தடுத்தார். அமுக்கினால் அங்கேயே நசுங்கி நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். மானிட்டரை அணைத்து, பக்கத்தில் ஒரு மேஜை விளக்கை ஏற்றி வைத்தோம். வெளியே வெளிச்சம் இருந்தால் வந்த வழியே கிளம்பிவிட வாய்ப்பு உண்டு. அந்தத் திரையின் உள்ளே இருக்கும் திரவப் படிகத்தின் கதைகூட ஒரு தாவரவியல்காரரிடமிருந்துதான் தொடங்குகிறது. 1888-இல் பிராக் நகரில் ஃபிரெடரிக் ரைனிட்ஸர், கேரட்டிலிருந்து எடுத்த ஒரு பொருளைச் சூடாக்கியபோது அது இரண்டு முறை உருகியது: 145.5 டிகிரியில் கலங்கலாக, 178.5 டிகிரியில் தெளிவாக. அந்தக் கலங்கல் நிலையின் வாரிசுதான் இன்று எக்செல் காட்டிக்கொண்டிருக்கிறது. கேரட்டைப் பார்த்தால் இனி எனக்கு மானிட்டர்தான் ஞாபகம் வரும்.

மூன்று மணிக்குமேல் சின்னச் சின்ன வேலைகள், வேகமாகப் போயின. ஒருவர் திரை தலைகீழாக இருந்தது. டிஸ்ப்ளே செட்டிங்கில் நிமிர்த்தினார். ஒருவருக்கு மவுஸ் இழுத்து இழுத்து நகர்கிறது. 4கே மானிட்டரை எச்டிஎம்ஐ 1.4-இல் மாட்டியிருக்கிறார்கள், அதில் விநாடிக்கு 30 படம்தான் போகும். இன்னொருவருக்குத் திரை அடிக்கடி ஒரு கணம் கறுத்துத் திரும்புகிறது: கிராஃபிக்ஸ் கார்டு 2 விநாடிக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதைத் தட்டி எழுப்புமாம், டிரைவரைப் புதுப்பித்தார். நாமே தட்டி எழுப்பவும் வழி இருக்கிறது! விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் அழுத்திக்கொண்டு ஆங்கில 'B'. ஒரு பீப், திரை ஒரு சிமிட்டல், டிரைவர் புதிதாக எழுந்துவிடும். திறந்து வைத்த வேலை எதுவும் மூடாது. அன்று முழுக்க நான் பார்க்கிற கம்ப்யூட்டரில் எல்லாம் இதை அழுத்திப் பார்த்தேன்.

விண்டோஸ் அடியோடு விழும்போது வரும் நீலத்திரையைப் பற்றிக் கேட்டபோது மட்டும் அக்காவின் முகம் மாறியது. 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தவறான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் விழுந்தன என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. பெரும்பாலானவற்றைத் தூரத்திலிருந்து சரிசெய்ய வழியில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் முன்னால் ஒரு மனிதர் போய் நின்று, சேஃப் மோடில் ஏற்றி, ஒரு ஃபைலைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது. அன்று உலகம் முழுக்க நடந்து களைத்தவர்கள் இந்த அக்காவின் இனத்தார்!

நாலரைக்கு ஒரு பழைய சுற்றறிக்கை. திறந்தால் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக என்னவோ. நான் விழித்தேன். அக்கா ஒரு வார்த்தையைத் தொட்டார்: ஜே, கே, பி, ஓ, பக்கத்தில் ஓர் அரைப்புள்ளி. "இது 'தமிழ்'. பாமினி ஃபான்ட்." எழுத்துருவே இல்லாமல் வாசித்துவிட்டார்! பாமினி, வானவில் என்று அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் குடிவைத்தவை. எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் இந்தக் கோலம். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடைத் தரமாக அறிவித்தது. ஆனால் அதற்கு முந்தைய ஃபைல்கள் அலமாரி அலமாரியாக இருக்கின்றனவே! யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தார். கட்டம் கட்டமாக வந்தால் வேறு நோய்: அந்த எழுத்துக்கு உருவம் தருகிற எழுத்துரு எதுவும் கம்ப்யூட்டரில் இல்லை. ஒற்றைக்கொம்பு தனியே நின்று பக்கத்தில் புள்ளி வட்டம் வந்தால் அது இன்னொன்று. துணையாக நிற்க மெய்யெழுத்து இல்லை என்று திரை சொல்கிறது. 'கொ' என்ற ஒரே எழுத்துக்குக் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் பிரித்து நிறுத்த, பின்னணியில் ஒரு தனி நிரல் ஓயாமல் வேலை செய்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி நாளில் அதைத் தனியாக டிக் செய்து, சிடி போட்டு ஏற்ற வேண்டும். இன்று கேட்காமலே நடக்கிறது. இவ்வளவு நாள் தமிழில் எழுதுகிறேன், 'கொ' என்று அடிக்கும்போது உள்ளே இத்தனை நடப்பது எனக்குத் தெரியாது.

ஐந்தரை மணிக்குக் கடைசி அழைப்பு. ரிசப்ஷன். திரை முழுக் கறுப்பு. "இதை நீங்க பாருங்க" என்றார் அக்கா. எனக்கு நெஞ்சு படபடத்தது! கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். விளக்கைப் பார்த்தேன். ஆரஞ்சு இல்லை, நீலம். அப்படியானால் மின்சாரம் இருக்கிறது. படமும் வந்து சேர்கிறது. ஆனால் தெரியவில்லை. ராம் இல்லை, கேபிள் இல்லை, ஜாதகம் இல்லை. நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். பையிலிருந்து டார்ச்சை எடுத்து என் கையில் கொடுத்தார்.

ரிசப்ஷனில் இருந்த பெண் மேலே எரிந்த விளக்கை அணைத்தார். டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்த்துப் பிடித்தேன். ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் சாய்த்தேன்.

தெரிந்தது! கறுப்புக்கு உள்ளே, மங்கலாக, குளத்தடியில் கிடக்கும் கோலம் மாதிரி, விசிட்டர் பதிவேட்டின் கட்டங்கள். டார்ச்சை நகர்த்த நகர்த்த ஒவ்வொரு வரியாக வந்தது. படம் முழுசாக அங்கேயே இருந்திருக்கிறது. பின்னாலிருந்து வெளிச்சம் தர வேண்டிய விளக்குதான் போய்விட்டது. வலது கீழ் மூலைக்கு வெளிச்சத்தைக் கொண்டுபோனேன். அங்கே நேரம் ஓடிக்கொண்டிருந்தது. 5.42.

"பேக்லைட்" என்றேன்.

"பேக்லைட்" என்றார் அக்கா, ஸ்டோரில் இருந்து மாற்று மானிட்டர் எடுக்கப் படியிறங்கிக்கொண்டே.